தீர்த்தம் பட்டால் அணையும் திரை

ஆகஸ்ட் மாத முதல் வெள்ளியன்றும் திரை கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுக்கியது, கண்ணடித்துக் கேலி செய்கிற மாதிரி.

"பார்த்தியா? நான் சொன்னனா இல்லியா?" என்றாள் சூசை மேரி. அவள் கையில் மந்திரித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. மாதா உருவத்தில் செய்தது. கிரீடத்தைத் திருகினால் திறக்கும். "ஜூன்ல செத்துச்சி. ஜூலைல செத்துச்சி. இதோ இன்னைக்கும் செத்துச்சி. தீர்த்தம் பட்டா அணையுதுன்னா உள்ள இன்னா குந்திக்கினு இருக்குதுன்னு நான் வேற வாயால சொல்லணுமா?"

சகாய பிரியா கீபோர்டில் எதை எதையோ தட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது.

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் 'ஜெபமாலை வீடியோஸ்' என்றால் வளவனூர் வரைக்கும் தெரியும். முதலாளி பாக்கியராஜ். அவருடைய மனைவிதான் சூசை மேரி. பாக்கியராஜின் தம்பி சவுரிராயன் கேமரா பிடிப்பான். சவுரியின் மனைவி பிரியா, அவன் எடுத்து வந்த கல்யாணத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மணமக்களின் பெயரைப் பொன்னெழுத்தில் சுழலவிட்டுப் பார்க்கும்படி ஆக்குவாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் சூசை மேரியோடு அடுப்படியில்தான் நின்றாள். பாண்டிச்சேரியில் கொடுத்துச் செய்து வாங்கிய வேலையை ஒரு நாள் தானே செய்து காட்டிய பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. அந்த வீட்டில் காலையில் தலை வாரி, செருப்பு மாட்டி, வேலைக்கென்று வெளியே கிளம்புகிற ஒரே பெண் அவள்தான். சூசை மேரிக்கு அது பொறுக்கவில்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டது பிரியாவின் தம்பி சகாய பிரவீன். அவனுக்குத் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அதற்கு முன்பெல்லாம் வாடிக்கையாளர் கொண்டு வருகிற பென் டிரைவ் ஒவ்வொன்றும் ஒரு வைரஸோடு வரும். அப்படி வந்த ஒன்று ஒரு நிச்சயதார்த்தத்தை முழுசாகத் தின்று தீர்த்தது. பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கி, தெருவே கூடும்படி திட்டிவிட்டுப் போனார்கள். "லினக்ஸ் போட்டா இந்த வைரஸெல்லாம் ஒட்டாது மாமா" என்று பிரவீன் சொல்ல, பாக்கியராஜ் தலையாட்டினார். மே மாதம் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கி மாட்டினார்கள். பெயர் சுழல்வது, ரோஜா இதழ் கொட்டுவது எல்லாம் அந்தக் கார்டின் கைங்கரியம். கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவே நின்று பேச்சு நடத்துகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் படுத்தால் திரையும் படுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் கம்ப்யூட்டரை அணைக்கிற வழக்கமே கிடையாது. பகலெல்லாம் பிரியா வெட்டுவாள். ராத்திரியில் அது தன் பாட்டுக்கு வீடியோவைக் கோத்துக்கொண்டு கிடக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். மாதத்தில் ஒரே ஒரு நாள், முதல் வெள்ளியன்று, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் சூசை மேரி நேராகக் கடைக்கு வருவாள். ஈரம் பட்டு ஷாக் அடிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அணைத்து மெயினை இறக்குவார்கள். கேமரா, லைட்டு, கல்லாப்பெட்டி, கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் தீர்த்தம் தெளிப்பாள். பிறகு மெயின் ஏறும். மூன்று மாதமாக எல்லாம் எழுந்தது. திரை மட்டும் எழவில்லை.

முதல் இரண்டு தடவையும் பிரவீன் வந்தான். எல்லோரையும் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுக் கறுப்புத் திரையில் மடமடவென்று எதையோ அடித்தான். திரை வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்த பாக்கியராஜ், திரையைப் பார்த்தார். பிறகு பிரியாவைப் பார்த்தார்.

"மறுபடியுமா? கூப்பிடு உன் தம்பிய. அதுக்குத்தான இந்த நாடகம்?"

"நாடகமா? எதுக்கு மாமா?"

"எதுக்கா? மாசா மாசம் அவன் வரணும். நான் வாசல்ல நின்னுக்கினு வாங்க மச்சான்னு கூவணும். இதோ நிக்கறாளே உங்க அக்கா, இவ அவனுக்கு மீன் கொழம்பு ஊத்தணும். முதல் வெள்ளின்னா படுத்துக்கோன்னு உள்ள செட்டிங் பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கான். செல்லுல அலாரம் வைக்கற மாதிரி."

"அப்படியெல்லாம் பண்ண மாட்டான் மாமா."

"அப்ப ஏன் நிக்குது? சொல்லு. நீதான் பெரிய எடிட்டராச்சே."

அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் சங்கடம். தண்ணீர் உள்ளே இறங்குகிறதோ என்று அவளே போன மாதம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சொட்டு ஈரம் இல்லை.

"அவரு செட்டிங்குன்றாரு. நான் வேற இன்னாவோன்றேன்" என்றாள் சூசை மேரி. "ரெண்டுல எதுவா இருந்தாலும் அது உன் வூட்லேர்ந்து வந்ததுதான்."

பிரியா கணவனைப் பார்த்தாள். சவுரி லென்ஸில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை பாண்டியிலேர்ந்து ஆள் வர்றான்" என்றார் பாக்கியராஜ். "லினக்ஸு கினக்ஸு எல்லாத்தையும் தொடச்சிட்டு விண்டோஸ் போடுவான். போட்டுட்டு அவனே குந்தி வேலை பார்ப்பான். நீ வூட்ல அக்காவுக்கு ஒத்தாசையா இரு. போதும் இந்தப் பேஜாரு."

"அதுக்குள்ள நானே சரி பண்ணிட்டா?"

"நீயா?" பாக்கியராஜ் சிரித்தார். அவருக்கு முன்பே சூசை மேரி சிரித்துவிட்டாள். "பண்ணும்மா பண்ணு. ஆனா உன் தம்பி காலு இந்தக் கடையில படக் கூடாது. பட்டுச்சின்னா காலு இருக்காது, சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் பிரியா திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். சவுரியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அண்ணனிடம் சொல்வான். அண்ணன் வேண்டாம் என்பார். அதை இவன் வந்து இவளிடம் சொல்வான்.

பஸ்ஸிலிருந்தே தம்பிக்குப் போன் போட்டாள். மேம்பாலத்துக்குக் கீழே பிரவீன் அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு, கடலையை உரித்து மென்றபடி நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, நீயே வந்துட்ட? நேத்தே போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீ வந்தா உனக்குக் காலு இருக்காதாம்."

"சவடாலு!" என்று சிரித்தான். "நாளைக்குள்ள அவரே போன் பண்ணுவாரு பாரேன். பண்ணித்தான ஆவணும்?"

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றும் தெரியாதவன் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

"பிரவீன், அது ஏன் முதல் வெள்ளியில மட்டும் சாவுது?"

"வெள்ளியாவது சனியாவது. அணைச்சிப் போட்டா என்னைக்குன்னாலும் சாவும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரியா பிடுங்கி வைத்துக்கொண்டாள். "முழுசா சொல்லு."

சொன்னான். லினக்ஸுக்குள் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மொத்தக் கம்ப்யூட்டரையும் நடத்துகிற பகுதி அதுதான். அதற்குப் புதுப் பதிப்பு வந்தால், யாரும் கேட்காமலேயே இணையத்திலிருந்து இறங்கிவிடும். இறங்கினாலும் உடனே வேலைக்கு வராது. கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடும் வரை காத்திருக்கும். பிரவீன் போட்ட டிரைவரோ கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிக் கையால் போட்டது. அன்றைக்கு இருந்த கர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. புதுக் கர்னல் எழுந்து வந்தால் சட்டை சேராது. திரை கறுத்துவிடும். மற்ற இடங்களில் தினமும் அணைத்துப் போடுவார்கள்; அதனால் என்றைக்கோ ஒரு நாள் மாட்டுவார்கள். ஜெபமாலை வீடியோஸில் அணைப்பதே முதல் வெள்ளியன்றுதான்.

தீர்த்தமும் இல்லை, பேயும் இல்லை, செட்டிங்கும் இல்லை. சூசை மேரிக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று இறக்கிய மெயின்!

"இது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஜூலைல வந்தேன்ல... அப்ப."

"அப்பவே சரியா பண்ணியிருக்கலாம்ல?"

பிரவீன் பாலத்தின் தூணைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உன் கல்யாணத்துல முதல் பந்தியில குந்தின என்ன எழுப்பி வுட்டான் அந்த ஆளு. அவன் சினேகிதனுங்க சாப்பிடணுமாம். பொண்ணோட தம்பி நானு, அக்கா! இலையில சோறு போட்டாச்சி. எழுந்திரின்றான். அதே ஆளு இப்ப வாசல்ல நின்னுக்கினு வாங்க மச்சான்றான். மாசத்துல ஒரு நாளு. இருந்துட்டுப் போவட்டுமேன்னு வுட்டுட்டேன்."

"உனக்கு மாசத்துல ஒரு நாள் மரியாதை வேணும். அதுக்காக என் நாற்காலிய வெச்சி வெளையாடியிருக்க."

"நான் எங்கக்கா வெளையாடினேன்? தானா எறங்குது, தானா அணையுது. நான் ஒண்ணுமே பண்ணலையே."

"ஒண்ணுமே பண்ணாததுதான்டா நீ பண்ணது! பேய வெச்சி அனுப்பினவன்றாங்க அந்த அக்கா உன்ன. திருடன்றாரு அவரு. நான் ரெண்டு பேர்கிட்டயும் வாய் கிழிய உனக்காகப் பேசிக்கினு இருக்கேன்."

"சரி வுடு. இப்பவே வர்றேன், வா. ஒரு மணி நேரத்துல..."

"வராத. நீ அந்த வாசல மிதிக்கவே மிதிக்காத. எப்படிப் பண்றதுன்னு எனக்குக் காட்டு. ஜல்தி."

சென்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அவளை உட்கார வைத்தான். முதலில் அவள் கையாலேயே அதைக் கறுப்பாக்கச் சொன்னான். பிறகு மீட்கச் சொன்னான். ஓர் எழுத்து தவறினாலும் லினக்ஸ் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு வரியை எழுதிக் காட்டியது. "இதுகூடத் தெரியலையா?" என்று பிரவீன் சலித்துக்கொண்டபோது, பிரியா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். "மறுபடி" என்றாள் அவள். கறுத்தது, வந்தது, கறுத்தது, வந்தது. கைக்குப் பழகியதும் எழுந்தாள். மல்லாட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

விழுப்புரத்தில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் போடும்போதே ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். கர்னல்களின் வரிசை வந்தது. பழையதைத் தேர்ந்தெடுத்ததும் திரை பளிச்சென்று விரிந்தது. சவுரி வாயைப் பிளந்தான். ஞாயிறு வரைக்கும் அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள்.

அப்போதே நிரந்தரமாகச் சரி செய்திருக்கலாம். பிரியா செய்யவில்லை. ஓசையில்லாமல் சரி செய்தால், 'தம்பியும் அக்காவும் போன்ல பேசி செட்டிங்க அவிழ்த்துட்டாங்க' என்பார்கள். இதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாக்கியராஜும் சூசை மேரியும் கடைக்கு வந்தபோது, வளவனூர் மாசிலாமணி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். போன மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிறார். வீடியோ கையோடு வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

திரையில் ரோஜா இதழ் கொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சே!" என்றார் பாக்கியராஜ். உடனே முகம் மாறியது. "யார் வந்தான்? அவனா?"

"யாரும் வரல. அக்கா, அந்தப் பாட்டிலக் குடுங்க."

"எதுக்குடி?"

"குடுங்களேன்." சூசை மேரியின் பையிலிருந்து பிரியாவே எடுத்தாள். கிரீடத்தைத் திருகினாள். உள்ளங்கையில் ஊற்றி, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் இரண்டு தடவை தெளித்தாள். சூசை மேரி வழக்கமாகத் தெளிப்பதைவிடத் தாராளமாகவே தெளித்தாள். சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டாள். திரையில் இதழ்கள் கொட்டிக்கொண்டே இருந்தன.

"அணைஞ்சிதா அக்கா? உள்ள குந்திக்கினு இருக்கறது ஓடிச்சா?"

சூசை மேரி பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. முதல் வெள்ளி இல்ல. தீர்த்தம் பட்டும் ஓடுது. இப்ப பாருங்க மாமா." பெட்டியைத் துடைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஷிஃப்ட் பொத்தானைத் தொடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் திரை கறுத்தது. மூலையில் வெள்ளைக் கோடு மினுக்கியது.

"அய்யய்யோ" என்றார் மாசிலாமணி.

"அணைச்சிப் போட்டா போவுது. அவ்வளவுதான். நாம அணைக்கறதே முதல் வெள்ளிக்குத்தான்." கர்னல், சட்டை, அளவு எல்லாவற்றையும் சொன்னாள். மாசிலாமணிக்கே புரிந்தது.

பாக்கியராஜ் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மெதுவாகக் கைதட்டினார்.

"ஆக, கெடுக்கவும் தெரியுது, சரி பண்ணவும் தெரியுது. இவ்வளவு நாளா யாரு பண்றான்னு வெளியில தேடிக்கினு இருந்தேன். வூட்டுக்குள்ளயே இருக்குது!"

"மாமா, நேத்துதான் நான் கத்துக்கினு வந்தேன்."

"யார்கிட்ட? உன் தம்பிகிட்ட. அவனுக்கு இது முன்னாடியே தெரியுமா, தெரியாதா? மாதா மேல சத்தியமா சொல்லு."

பொய் சொல்லியிருந்தால் அதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பிரியா மாதா பாட்டிலைப் பார்க்கவில்லை. பாக்கியராஜின் கண்ணைத்தான் பார்த்தாள்.

"தெரியும். ஜூலையிலேயே தெரியும். சொல்லாம இருந்துட்டான். நீங்க வாங்க மச்சான்னு கூப்பிடறது அவனுக்கு இனிச்சிருக்குது. வராதன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன்."

"கேட்டியா சவுரி! கேட்டீங்களா மாசிலாமணி! திருடன் அகப்பட்டுக்கிட்டான்!" பாக்கியராஜின் முகத்தில் சம்பந்தியை ஜெயித்த பூரிப்பு. "நாளைக்குப் பாண்டி ஆள் வரட்டும். அக்கா, தம்பி ரெண்டு பேருமே வேணாம். எழுந்திரி."

பிரியா எழுந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"எழுந்துட்டேன். இவர் பொண்ணு கல்யாணம் உள்ள இருக்குது. நீங்க எடுத்துக் குடுங்க."

"திரைய வர வெச்சிட்டுப் போ."

"நாற்காலி எனக்குத்தான்னு சொல்லுங்க. வர வைக்கறேன்."

"மிரட்டறியா?"

"ஆமா மாமா."

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை மாமா, அப்படியெல்லாம் இல்லை மாமா என்று இழுப்பாள் என்று நினைத்திருந்தார். தம்பி பக்கம் திரும்பினார். "இன்னாடா இது? உன் பொண்டாட்டி பேசறதப் பார்த்துக்கினு நிக்கற?"

"டீ சொல்லிட்டு வர்றேண்ணா" என்று சவுரி வெளியே போனான்.

பாக்கியராஜ் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு பொத்தானைத் தட்டினார். பிறகு எல்லாப் பொத்தானையும் தட்டினார். அணைத்துப் போட்டார். கறுப்பு. இன்னொரு தடவை. கறுப்பு. சூசை மேரி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பாட்டிலை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் தெளிக்கட்டுமா?"

"தள்ளிப் போடி அந்தாண்ட!"

பாண்டிக்காரனுக்குப் போன் போட்டார். டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் விண்டோஸ் போட முடியும், உள்ளே இருப்பது வருமா வராதா என்று வந்து பார்த்தால்தான் தெரியும் என்றான் அவன். போன் ஸ்பீக்கரில் இருந்ததை பாக்கியராஜ் கவனிக்கவில்லை. மாசிலாமணி கவனித்தார்.

"தொடைக்கறதா?" என்று எழுந்தார். "யோவ், எம் பொண்ணு கல்யாணம் இன்னா உங்க வூட்டுத் தரையா? அந்தப் பொண்ணு கேக்கறது ஒரு நாற்காலி. அதக் குடுக்கறதுக்கு உனக்கு இன்னா வலிக்குது?"

"இது எங்க குடும்ப விஷயம்."

"உன் குடும்ப விஷயத்துக்குள்ள எம் பொண்ணு கல்யாணம் மாட்டிக்கினு இருக்குதே! எடுத்துக் குடுத்துட்டு அப்புறமா அடிச்சிக்கோங்க. அதுவரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்." சொன்னபடியே மறுபடி உட்கார்ந்தார்.

பாக்கியராஜ் எழுந்து ஒதுங்கினார்.

"குந்து."

"எதுல மாமா?"

பல்லைக் கடித்தார். "உன் நாற்காலியிலதான்."

பிரியா உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. பிரவீன் கையால் போட்ட டிரைவரைப் பிடுங்கினாள். லினக்ஸின் சொந்தக் கிடங்கிலிருந்து அதே கார்டுக்கான வேறு டிரைவரை இறக்கினாள். புதுக் கர்னல் வரும்போதெல்லாம் அது தன்னைத் தானே அளவெடுத்துத் தைத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் எழுத்துகள் நின்றுவிட்டன. இணையம்தான் மெதுவாக இருந்தது, மறுபடி ஓடியது. அணைத்துப் போட்டாள். ஷிஃப்ட் பொத்தானைத் தொடவில்லை.

திரை வந்தது. மணமகளின் பெயர் பொன்னெழுத்தில் சுழன்றது.

பாக்கியராஜ் வாசலுக்குப் போய்ப் பாண்டிக்காரனிடம் வர வேண்டாம் என்று சொன்னார். திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் பேசினார். "உன் தம்பி கிறிஸ்மஸுக்கும் இங்க வரக் கூடாது. ஈஸ்டருக்கும் வரக் கூடாது."

"வர மாட்டான்."

சாயங்காலம் மாசிலாமணி பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வளவனூர் பஸ்ஸைப் பிடித்தார். பிரியாவின் போனில் பிரவீனின் பெயர் ஒளிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி ஒளிர்ந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சவுரி" என்றார் பாக்கியராஜ். பிரியா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் இருந்தாள். "அந்தம்மாகிட்ட சொல்லு. அடுத்தது திருவாமாத்தூர் காதுகுத்து. புதன்கிழமைக்குள்ள வேணும்."

சவுரி டீ கிளாஸோடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். "பிரியா, அண்ணன் சொல்றாரு..."

"கேட்டுச்சின்னு சொல்லுங்க" என்றாள் பிரியா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

காதுகுத்தைத் திறந்தாள். கோயில் வாசல், பந்தல், மடியில் அழுகிற குழந்தை. ஆசாரி ஊசியை எடுக்கிற நேரத்தில், வெள்ளை வேட்டியும் பெரிய சிரிப்புமாக பாக்கியராஜ் கேமராவுக்குக் குறுக்கே வந்து நின்றார். பிரியா அந்தத் துண்டுக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டாள். ஒரு தட்டுத் தட்டி அவரை வெட்டி எறிந்தாள். குழந்தையின் காதோடு காட்சி தொடர்ந்தது.